விசாரிக்க வந்தவர்கள்

தண்ணீருக்கு அடியில் கிடந்து ஒரு வாத்து தமிழ் பேசுவது போல அந்தக் குரல் என் இடது காதுக்குள் நீந்தி வருகிறது, குவாக் குவாக்கென்று நாலு வார்த்தை, நடுவே இரைச்சல், மறுபடி நாலு வார்த்தை, கனவா என்று பார்த்தால் கையில் போன் இருக்கிறது, போன்தானே என்று பார்த்தால் அது டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் பழைய ஹெட்போனாக மாறித் தலையை இறுக்குகிறது, எதிரே பலகை முழுக்கக் குட்டி விளக்குகள், மதுரை, மதராஸ், விருதுநகர், எந்த விளக்கு எரிந்தாலும் எவனோ எவளையோ தேடுகிறான் என்று அர்த்தம், அத்தனை வருஷத்தில் என்னைத் தேடி ஒரு விளக்கும் எரிந்ததில்லை, அத்தை சாப்ட்டீயளா என்கிறது வாத்து, சாப்ட்டேன் மக்கா, நீ என்ன தின்ன என்கிறேன் நான். பக்கத்தில் யாராவது இருந்தால் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைப்பார்கள், பக்கத்தில் யாரும் இல்லாததால் அந்தக் கவலை இல்லை. அது எதிர்வீட்டு வெயிலுமுத்துவின் குரல். பெயரில் வெயிலை வைத்துக்கொண்டு வெயிலே எட்டாத இடத்தில் வேலை பார்க்கிறான், அரபு நாட்டுக் கடலில் எண்ணெய்க் குழாய்களுக்கு அடியில் போய்ப் பற்றவைக்கிற முக்குளிப்பு வேலை, வாரக்கணக்கில் கப்பல் மேல் ஓர் இரும்பு அறைக்குள் காற்றழுத்தத்தில் அடைத்துவைத்து, அங்கிருந்தே ஒரு கூண்டில் கடலுக்குள் இறக்கி, அங்கேயே திரும்ப ஏற்றுவார்களாம், உள்ளே மூச்சு விடுவது பலூனில் அடைக்கிற ஹீலியம் கலந்த காற்று, அதனால் எந்த ஆம்பிளைக் குரலும் வாத்துக் குரலாகிவிடும். முதல்முறை அவன் அங்கிருந்து பேசியபோது அவன் அம்மா சந்தனக்கனி போனைத் தூர எறிந்துவிட்டு, மைனி, எம்பிள்ளைக்குப் பேய் பிடிச்சிட்டு என்று தெருவைத் தாண்டி ஓடி வந்தாள், நான்தான் போனை எடுத்துக் காதில் வைத்து, பேயில்ல மைனி, குழம்பு என்ன வச்சேன்னு கேக்கான் என்றேன். எக்ஸ்சேஞ்சில் இரைச்சலுக்குள்ளிருந்து வார்த்தையைப் பிரித்தெடுத்தே வயதைத் தொலைத்தவள் நான், ஊரார் பேச்சைக் கேட்பது அங்கே வேலை, கேட்காதது போல முகத்தை வைத்துக்கொள்வதற்குத்தான் சம்பளம். சந்தனக்கனிக்கு மட்டும் இன்றுவரை ஒரு சொல்லும் பிடிபடவில்லை, மத்தியானம் சோறு முடிந்ததும் போனோடு என் வீட்டுக்கு வருவாள், அவன் பேசுவான், நான் மொழிபெயர்ப்பேன், பிறகு அவன் நேராக என் நம்பருக்கே போட ஆரம்பித்துவிட்டான், தெருவில் இது தெரிந்து, டெலிபோன் அக்காவுக்கு ரிட்டயர்டான பொறவும் டூட்டி இருக்கு என்றார்கள், சொல்லட்டும், வேறு எந்த வாயிலிருந்து எனக்கு அத்தை என்ற வார்த்தை வருகிறது.

இதே வெயிலுமுத்துதான் இன்ஜினியரிங் காலேஜுக்குப் போன ஒரே வாரத்தில், புதுச் சிவப்பு வாளியும் சுருட்டிய பாயுமாக ஆட்டோவில் வந்து இறங்கினான், வாளியில் ஸ்டிக்கர்கூடப் பிய்க்கவில்லை, தெருவே வாசலுக்கு வந்தது, எல்லாருக்கும் முன்னால் நான் நின்றேன், இதிலெல்லாம் எனக்கு வெட்கம் கிடையாது. என்னல, லீவா என்றேன். இல்ல அத்தை, அந்த ரூமுக்குள்ள உக்காந்தா மூச்சு முட்டுது என்றான். இப்போது என் அடுக்களை அளவுகூட இல்லாத இரும்பு டப்பாவுக்குள் ஆறு பேரோடு கிடந்து சம்பாதிக்கிறான், ஏல, காலேஜ் ரூம் எவ்வளவோ தேவலையே என்று ஒருநாள் போனில் கேட்டேன், வாத்து விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை, சந்தனக்கனி அந்த வாளியைப் பரணில் போட்டாள், இவன் துறைமுகத்தில் ஒரு கான்ட்ராக்டர் படகில் ஒட்டிக்கொண்டு முக்குளிக்கிறவர்களின் காற்றுக் குழாய் சுற்றினான், அவர்கள் உடுப்பு அலசினான், கப்பல் வயிற்றில் ஒட்டிய சிப்பியைச் சுரண்ட இறங்கினான், தண்ணிக்குள்ள இருந்தா மண்டைக்குள்ள சத்தமே இல்ல அத்தை என்பான், பிறகு வடக்கே எங்கோ பயிற்சி, வெல்டிங், ஒரு சான்றிதழ், இன்னொரு சான்றிதழ், அப்படியே ஏறிப்போய்விட்டான், அதாவது இறங்கிப்போய்விட்டான். வீட்டுக்கு மாடி வந்தது, மாடிக்கு ஏசி வந்தது, தெருமுனையில் வாசல் பலகையில் பேரைவிட நீளமாகப் பட்டம் எழுதிவைத்திருக்கிற பேங்க் மானேஜர், இவனுடைய ஒரு மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேள்விப்பட்டதிலிருந்து தம்பி சௌக்கியமா என்று குனிந்து கேட்கிறார், முன்பெல்லாம் ஏல என்றுதான் கூப்பிடுவார். எல்லாம் வந்தது, பெண் மட்டும் வரவில்லை.

மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் மாப்பிள்ளை வீட்டில் எதையும் நம்பமாட்டார்கள், எதிர்வீட்டில்தான் நம்புவார்கள், எங்கள் தூத்துக்குடியில் மட்டுமா, எங்கேயும் அப்படித்தான், ஒரு வாய் தண்ணி கிடைக்குமா என்று என் வாசலில் நிற்பார்கள், யாரென்று தெரியாதது போல உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, பேக்கரியில் முதல்நாளே வாங்கிவைத்த முந்திரி மக்ரூனைத் தட்டில் வைப்பேன், தாகத்துக்கு வந்தவர்களுக்கு மக்ரூன் எப்படித் தயாராக இருந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த நாட்கள் பிடிக்கும், நாற்காலிகளைத் துடைப்பேன், நல்ல சேலை உடுத்துவேன், வாசலில் நாலு ஜோடி அந்நியச் செருப்பு கிடக்கும், வீட்டுக்குள் ஆம்பிளை இருமல் கேட்கும், என் வாயையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எதுத்த வீட்டுப் பையன் எப்படி. தங்கமான பிள்ளை, குடி கிடையாது, பீடி கிடையாது. என்ன படிப்பு. பிளஸ் டூ. என்ன சம்பளம். சொல்வேன். அத்தோடு மக்ரூன் அவர்கள் கையிலேயே நிற்கும். கோவில்பட்டியிலிருந்து வந்த அண்ணாச்சி, ஏம்மா, பிளஸ் டூவுக்கு இவ்வளவா, பீடி இலையா மஞ்சளா, எதைக் கடத்துதான் என்றார், ஐயோ, கடலுக்கு அடியில வேலை அண்ணாச்சி என்றேன், அதத்தாம்மா நானும் சொல்லுதேன் என்று எழுந்துவிட்டார். சாத்தான்குளத்து ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் சம்பளத்தை நம்பினார், ஆனால் எம்பொண்ணு எம்.எஸ்ஸி., பத்திரிகையில அவ பேருக்குப் பின்னால அத்தனை எழுத்து வரும்போது மாப்பிள்ளை பேருக்குப் பின்னால என்னத்தப் போடுறது, மொட்டையா நிக்குமே என்றார், ஒரு நங்கூரம் படம் போட்டிருங்க சார் என்றேன், சிரிக்கத் தெரியாத மனுஷன். நாசரேத்தில் இருந்து வந்தவர்கள் இருக்கும்போதே வெயிலுமுத்துவின் போன் வந்து தொலைத்தது, என் கை பட்டு ஸ்பீக்கரில் விழுந்தது, அந்தம்மா வெளிறிப்போய், பையனுக்குத் தொண்டை எப்பவுமே இப்படித்தானா, பொறக்கிற பிள்ளையளுக்கும் வருமா என்றாள், ஹீலியம் என்று நான் ஆரம்பித்தேன், அது என்ன வியாதி என்று கேட்டுவிட்டுச் செருப்பு மாட்டப் போய்விட்டாள். ஒவ்வொரு முறையும் சாயங்காலம் சந்தனக்கனி வருவாள், என்ன மைனி சொன்னீய. உள்ளதச் சொன்னேன். உள்ளதச் சொன்னா ஓடுதாவளே மைனி என்பாள், கோபப்பட்டாலாவது திருப்பி நாலு கேட்கலாம், கோபப்படமாட்டாள், மிச்ச மக்ரூனில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு எதிரே தன் வீட்டு மாடியையே பார்ப்பாள்.

எனக்காகவும் ஒருமுறை விசாரிக்க வந்தார்கள், அப்போது பக்கத்து வீட்டில் இன்னாசியம்மாள் இருந்தாள், நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு எக்ஸ்சேஞ்சில் சேர்ந்து பி.ஏ. முடித்த அண்ணனைவிட அதிகம் வாங்கிய காலம், வந்தவர்களை உட்காரவைத்து இன்னாசியம்மாள் மனசாரப் புகழ்ந்திருக்கிறாள், அந்தப் பிள்ளை சம்பளத்துலதான் அந்த வீட்டுல அடுப்பு எரியுது, அவ இல்லன்னா அவ்வளவு பேரும் பட்டினிதான். புகழ்ந்ததை அவளே வந்து பெருமையாக என்னிடம் சொன்னாள், நான் நன்றிகூடச் சொன்னேன், அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள், வரவேயில்லை, அடுப்பு எரியும் வீட்டிலிருந்து விறகை எவன் உருவுவான். சில மத்தியானங்களில் கண்ணயரும்போது இன்னாசியம்மாள் வீட்டு நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன், விசாரிக்க வந்திருப்பதும் நான்தான், அந்தப் பிள்ளை எப்படி என்று கேட்கிறேன், இன்னாசியம்மாள் வாயைத் திறக்கிறாள், வெறும் இரைச்சல் வருகிறது, சத்தமாச் சொல்லுங்க, லைன் கிடைக்கல என்று கத்தி விழித்துக்கொள்கிறேன், மின்விசிறி சுற்றுகிறது.

போன வாரம் வெயிலுமுத்து அம்மாவிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னான், அத்தை, உடன்குடிப் பொண்ணுதான் கடைசி, அதுவும் வேண்டாம்னுட்டா அம்மாட்ட இனிமே பொண்ணு பாக்க வேண்டாம்னு சொல்லிருங்க. ஏம்ல இப்படிப் பேசுத. லீவுல வீட்டுக்கு வந்தாலும் இந்த ரூமுக்குள்ளயே இருக்க மாதிரித்தான் இருக்கு அத்தை, என்னத்துக்கு வரணும், லீவையும் இங்கயே வேலையாக் கழிச்சிட்டுப் போறேன், பணம் மட்டும் வரும். வாத்துக் குரலில் அழுகை எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, அதை மட்டும் நான் சந்தனக்கனிக்கு மொழிபெயர்க்கவில்லை. இன்றைக்கு அந்த உடன்குடிக்காரர்கள் வருகிற நாள், சந்தனக்கனி காலையிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறாள், நான் மக்ரூனோடு காத்திருக்கிறேன், உச்சி வெயிலில் குடையை மடக்கிக்கொண்டு ஒரே ஒரு பெண் வந்து நிற்கிறாள், தண்ணி என்று கேட்கவில்லை, நான்தான் பொண்ணு, சுயம்புக்கனி, எதுத்த வீட்டு ஆளப் பத்தி விசாரிக்கணும் என்கிறாள், இத்தனை பேரைப் பார்த்துவிட்டேன், பெண்ணே வந்து நின்றது இதுதான் முதல், இரண்டு முதுகலைப் பட்டம், தனியார் காலேஜில் பாடம் எடுக்கிறாள் என்று எனக்கு முன்பே தெரியும். படிப்பு பிளஸ் டூதாம்மா, ஆனா சம்பளம், என்று தொடங்குகிறேன். அதெல்லாம் தெரியும் அத்தை, என் சம்பளத்தச் சொன்னா நீங்க தட்ட உள்ள எடுத்துட்டுப் போயிருவீய என்று ஒரு மக்ரூனைக் கடிக்கிறாள். மெல்லுகிறாள். பிறகு, அவ்வளவு நாள் அடைஞ்சு கிடந்துட்டு வாரவரு, வீட்டுக்கு வந்தா எப்படி இருப்பாரு, பேசுவாரா என்கிறாள். இதை யாரும் கேட்டதில்லை. லீவில் வந்தால் முதல் நாலு நாள் மொட்டை மாடியில் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடப்பான், கூப்பிட்டால் திரும்பமாட்டான், சந்தனக்கனி சோற்றை வைத்துவிட்டு இறங்கிவிடுவாள், ஒரு சொல் பேசமாட்டான், பேசமாட்டான் என்று சொன்னால் இவள் குடையை விரித்துவிடுவாள், பேசுவான் என்று சொன்னால் பொய், உள்ளதைச் சொல்லிச் சொல்லி இத்தனை பேரை நான் விரட்டியிருக்கிறேன், வாயைத் திறக்கிறேன், அந்த நேரம் போன் அடிக்கிறது.

காதில் வைத்தால் குவாக் என்கிறது, அத்தை, வந்தாவளா, என்ன சொன்னீய என்கிறது. அவள் என்னையே பார்க்கிறாள். பொண்ணே வந்திருக்கு மக்கா, நீயே பேசு என்று போனை அவளிடம் நீட்டிவிடுகிறேன். அவள் காதில் வைத்து, ஹலோ என்று சொல்லி, திடுக்கிட்டுப் போனை விலக்கிப் பார்த்து, மறுபடி வைக்கிறாள். புரியல. இன்னொரு தடவை சொல்லுங்க. இல்ல, புரியல. அது வந்தும்மா, சாப்ட்டீயளான்னு, என்று நான் வழக்கம்போல நடுவே நுழையப் போகிறேன், அவள் உள்ளங்கையை என் முன்னால் காட்டுகிறாள், இருங்க அத்தை, நானே கேட்டுக்கிடுதேன். மற்ற காதை ஒரு விரலால் அடைத்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, கரண்ட் போன வீட்டுக்குள் கதவைத் தடவுகிறவள் போலத் தலையைச் சாய்த்து நிற்கிறாள், எனக்கு அங்கே நிற்க ஒரு வேலையும் இல்லை. அடுக்களைக்குள் போகிறேன், கழுவின டம்ளரையே கழுவுகிறேன், வாழ்க்கையில் முதல்தடவையாகக் குழாயை வேண்டுமென்றே பெரிதாகத் திறந்துவிடுகிறேன், ஆனால் காது அதையும் தாண்டிப் போகிறது, ம், என்கிறாள் அவள், மெதுவா, ஆங், இப்பக் கேக்கு, என்கிறாள், பிறகு சிரித்துக்கொண்டே, சாப்ட்டேன், மக்ரூன், என்கிறாள். அப்புறம் அவன்தான் பேசுகிறான், நீளமாகப் பேசுகிறான், இவ்வளவு நீளமாக அவன் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை, குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு சுவர் ஓரம் நின்று, என் இடது காதை அந்தப் பக்கமாகத் திருப்பிப் பார்க்கிறேன், அடுக்களையிலிருந்து கேட்கும்போது அது வெறும் வாத்துச் சத்தமாகத்தான் இருக்கிறது, ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.