கட்டிலில் வந்த மெட்டு

முதலில் அந்தக் கட்டிலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இரும்புக் கட்டில். காமிராவுக்குத் தெரியும் தலைமாட்டுக்கு மட்டும் வெள்ளை அடித்திருந்தார்கள். கால்மாட்டில் பழைய பச்சை அப்படியே இருந்தது. பக்கத்தில் ஒரு சின்னத் திரை, அதில் ஏறி இறங்கும் ஒரு கோடு. அது யாருடைய இதயத் துடிப்பும் அல்ல, திரும்பத் திரும்ப ஓடும் ஒரு படம். அறைக்கு மூன்று சுவர்கள்தான். நான்காவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் விளக்குகளும் முப்பது பேரும் நின்றார்கள். இந்தக் கட்டிலில்தான் அவன் இருபத்திரண்டு நாளாக நினைவில்லாமல் கிடந்தான்.

கதைப்படிதான். தினமும் மாலை ஏழு மணிக்கு வரும் தொடரில் அவன் வீட்டுக்கு மூத்த மகன். கார் விபத்து, தலையில் அடி, கோமா. படப்பிடிப்பில் எல்லாரும் அவனைக் கும்பகர்ணன் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அவன் நடிக்க வந்தவனே இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் ஏதோ ஒரு பிறந்தநாள் காட்சியில் பின்னால் நின்று கிட்டார் வாசிக்க வந்தான். "அந்த கிட்டார்க்காரன் மூஞ்சிக்கு ஒரு குளோசப் போடுய்யா" என்று டைரக்டர் சொன்னார். அத்தோடு தலையெழுத்து மாறிவிட்டது. இப்போது இருபத்தைந்து வயதில் இரண்டாவது தொடர். தெருவில் நடந்தால் ஜன்னல்கள் திறக்கும். ஆனால் அவன் சொந்தமாகப் போட்ட பாட்டு ஒன்றே ஒன்றுதான். அதை இணையத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு முறை கேட்டிருந்தார்கள். அதில் இருநூறு முறையாவது அவனுடைய அக்கா.

இரண்டாவது பாட்டுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் சனிக்கிழமை இடம் கிடைத்திருந்தது. வாசிக்க ஒப்புக்கொண்ட மூவரும் ஞாயிற்றுக்கிழமை வெளிநாடு கிளம்புகிறார்கள், திரும்ப ஒரு வருடம் ஆகும். பல்லவி தயார். சரணம்தான் வரவில்லை.

அந்தப் பல்லவி வந்த கதையும் கட்டிலோடு சேர்ந்ததுதான். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் சவுண்டுக்காரர் கையைத் தூக்குவார். "ரூம் டோன். ஒரு நிமிஷம். யாரும் அசையாதீங்க." ஆளில்லாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டாம். அதைத் தனியாகப் பதிந்து வைத்தால்தான் பிறகு ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. உடனே முப்பது பேரும் சிலையாவார்கள். டீ கிளாஸ் வாய்க்குப் போகும் வழியில் நிற்கும். அவன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரு நிமிடத்துக்குள் இறங்கிப் போவான். ஏசியின் முனகல், சூடு ஆறும் விளக்கின் டிக் டிக், யாரோ விடும் மூச்சு. ஒன்பதாம் நாள் அந்த அமைதியின் அடியில், கிணற்றுத் தண்ணீரில் முகம் தெரிவதுபோல், பல்லவி தெரிந்தது.

வீட்டில் அப்படியே படுத்துப் பார்த்தான். மெட்டு வரவில்லை, தூக்கம் வந்தது. அக்கா கதவருகே நின்று சிரித்தாள்.

"இங்க படுத்தா திட்டு, அங்க படுத்தா சம்பளமா? நல்ல பொழப்புடா உன்னுது."

அதனால் அவன் கதாசிரியரிடம் போனான்.

"அண்ணே, நான் இன்னும் ரெண்டு வாரம் எழுந்திரிக்காம இருந்தா பரவாயில்லையா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இருபது வருஷமா எழுதுறேன் தம்பி. ஒரு வரி வசனம் கூடக் குடுங்கன்னு கெஞ்சினவன் உண்டு. படுக்க விடுங்கன்னு கெஞ்சினவன் நீ ஒருத்தன்தான். சரி, மாசக் கடைசி வரைக்கும் படு."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் விரலால் கெட்டான். சரணத்தைத் தேடிக் கிடந்த ஒரு நாள், வலது கை ஆள்காட்டி விரல் போர்வையின் மேல் தாளம் போட்டுவிட்டது. டைரக்டர் பார்க்கவில்லை, எடிட்டர் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை அது ஒளிபரப்பானபோது வீடு வீடாகப் பார்த்தார்கள். புதன் காலை டெலிவிஷன் ஆபீஸ் போன் ஓயவில்லை. விரல் அசைந்தது அம்மாவுக்கு ஏன் தெரியவில்லை என்று சிலர் கேட்டார்கள். அந்த டாக்டரை முதலில் வேலையை விட்டு அனுப்புங்கள் என்று ஒரு பெண்மணி சத்தம் போட்டார்.

"நான் குடுத்த ரெண்டு வாரத்த உன் வெரல் திருப்பிக் குடுத்துடுச்சு" என்றார் கதாசிரியர். "நாளைக்கு மத்தியானம் கண்ணு முழிக்கிற. அதோட கட்டிலும் கெடயாது."

வியாழக்கிழமை அவன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்தான். அவனுக்கு அம்மாவாக நடிப்பவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பதினான்கு தொடர்களில் அம்மா. வீட்டில் ஒரு பூனை மட்டும்.

"ஏண்டா கும்பகர்ணா, பொழைக்கப் போறவன் மூஞ்சியா இது? போய்ச் சேரப் போறவன் மாதிரி இருக்க."

"சரணம் வரலம்மா. இங்கதான் வரும். இன்னிக்கு எழுந்துட்டா அவ்வளவுதான்."

"சனிக்கிழமைக்கா?"

"ம்."

அவர் வசனத் தாளைப் பார்த்தார். "எனக்கு மூணு வரி. மூணாவது முடியறப்ப நீ கண்ணத் தொறந்து அம்மான்னு சொல்லணும். அதுக்குள்ள வரச் சொல்லு."

விளக்குகள் எரிந்தன. அவர் முதல் வரி சொன்னார், அழுதார். இரண்டாவது வரி. மூன்றாவது வரி முடிந்ததும் முப்பது பேரும் அவன் இமையைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அதே அமைதி. அதன் ஓரத்தில் சரணத்தின் முதல் அடி வந்து நின்றது.

அவன் கண்ணைத் திறக்கவில்லை.

டைரக்டர் பாதி எழுந்தார். போர்வையின் மேல் விரல் மெல்லத் தட்ட ஆரம்பித்ததை அம்மா பார்த்தார். தன் கையால் அதை மூடினார். தாளில் இல்லாத நாலாவது வரியைச் சொன்னார்.

"நம்ம பழைய வீடு ஞாபகம் இருக்காடா? நீலக் கதவு. உள்ள பதினோரு படி. நீ ஒவ்வொரு படியிலயும் உக்காந்து உக்காந்து ஏறுவ..."

அப்படி ஒரு வீடு கதையில் இல்லை, அவர் வாழ்க்கையிலும் இல்லை. ஆனாலும் அவன் அதற்குள் போனான். நீலக் கதவு தள்ளாமலே திறந்தது. மழை பெய்து ஓய்ந்த வெளிச்சம் சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. முதல் படியில் உட்கார்ந்தான், ஒரு ஸ்வரம். இரண்டாவதில் அது கொஞ்சம் தயங்கியது. ஐந்தாவதில் திரும்பிப் பார்த்தது. மேலே ஏற ஏறப் படிகள் மெத்தென்று, தண்ணீரால் ஆனவைபோல் ஆயின. உச்சியில் ஒரு அறை. அங்கே அவனுடைய பல்லவி, முன்பே வந்து காத்திருந்ததுபோல், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது.

அவன் கண்ணைத் திறந்தான். வாயிலிருந்து 'அம்மா' வரவில்லை. ஏறி வந்த அத்தனை படியும் முனகலாக வந்தது.

"கட்! கட்! கோமாலேர்ந்து எழுந்தவன் கச்சேரி பண்றான்யா!" என்றார் டைரக்டர். முப்பது பேரும் சிரித்தார்கள். மறுபடி எடுத்தார்கள். இந்த முறை மூன்றாவது வரியில் ஒழுங்காகக் கண் விழித்து, ஒழுங்காக "அம்மா" என்றான். கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்கியபோது மெட்டு இல்லை. விழித்ததும் கலைந்துபோகும் கனவைப்போல் ஓரம் மட்டும் மிச்சமிருந்தது. நீலக் கதவு ஞாபகம் இருந்தது, படிகள் இல்லை. ஐந்தாவதில் ஏதோ திரும்பியதே, எந்தப் பக்கம்?

"போயிடுச்சும்மா" என்றான்.

சவுண்டுக்காரர் கையைத் தூக்கினார். "ரூம் டோன். ஒரு நிமிஷம்."

அவன் இமைகளை இறுக்க மூடிக்கொண்டான். ஏசி முனகியது. விளக்கு டிக் டிக் என்றது. அவ்வளவுதான். நிமிடம் முடிந்தது.

தலையில் ஏதோ பொருந்தியது. சவுண்டுக்காரர் தன் ஹெட்போனை அவன் காதில் மாட்டியிருந்தார். "கெட்டுப்போன டேக்கையும் நான் அழிக்கிறதில்ல தம்பி. கேளு."

அம்மாவின் குரல் கேட்டது. வீடு கேட்டது. பிறகு அவனுடைய முனகல், முதல் படி, இரண்டாவது படி.

"அடுத்த சீனுக்கு எடம் வேணும், கட்டிலத் தூக்குங்கப்பா!" என்று டைரக்டர் கத்தினார். நாலு பேர் வந்தார்கள். அவன் எழுந்திருப்பான் என்று பார்த்தார்கள், எழுந்திருக்கவில்லை. சிரித்துக்கொண்டே அவனோடு சேர்த்துக் கட்டிலைத் தூக்கினார்கள். மூன்று சுவர்களைத் தாண்டி, விளக்குகளைத் தாண்டி, பச்சைக் கால்கள் அந்தரத்தில் ஆடக் கட்டில் மிதந்து போனது. ஒலிப்பதிவுப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு சவுண்டுக்காரர் வயர் இழுபடாமல் கூடவே நடந்தார்.

வாசலருகே கட்டிலை இறக்கக் குனிந்தார்கள். போர்வையின் மேல் ஒன்பதாம் முறை தட்டிய அவன் விரலைப் பார்த்துக்கொண்டே அம்மா கையைத் தூக்கினார்.

"இருங்கப்பா, எறக்காதீங்க. இன்னும் ரெண்டு படி இருக்கு."