மனிதர்கள் மறைந்த பிறகும் மிச்சமிருந்த வரப்பு

1

இந்தக் கதைக்குக் காரணம் கோரைதான். ஒரத்தநாட்டுப் பக்கம் பஸ்ஸில் போகையில், ஒரே ஒரு போகம் தரிசாகக் கிடந்த வயலைப் பார்த்தேன். வரப்பு தெரியாதபடி கோரை மண்டிக் கிடந்தது. நாம் எல்லோரும் போய்விட்டால் பூமி முழுக்க இப்படித்தானே என்று தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் எழுதினேன்:

புதன்கிழமை காலை மனிதர்கள் எல்லோரும் மறைந்தார்கள். பூமி பெருமூச்சு

(பூமி பெருமூச்செல்லாம் விடாது. அடித்துவிட்டேன்.)

2

முதல் வாரத்தில் ஆகாயத்தாமரை வாய்க்காலை அடைத்தது. தண்ணீர் தார்ச்சாலையில் ஏறியது; நாரைகள் பஸ் ஸ்டாப்பில் நின்று மீன் பிடித்தன. மூன்றாம் மாதம் தாலுகா ஆபீஸ் கூரையில் ஆலங்கன்று முளைத்தது. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, கோரைக்கு நடுவே அந்தத் தரிசு வயலின் சொந்தக்காரி நீலாம்பாள் நிற்பது தெரிந்தது.

“நீங்க இன்னும் போகலையா?” என்று கேட்டேன்.

“எப்படிப் போறது தம்பி? வியாழக்கிழமை சர்வேயர் அளக்க வர்றதா இருந்துச்சு. பதினோரு வருசமா மனு போட்டு வாங்கின தேதி. அதுக்கு முந்தின நாளாப் பாத்து உலகத்தை முடிச்சிட்டீங்க.”

பக்கத்து வயல்காரன் தங்கையன் அவளுடைய கொழுந்தன். வருஷா வருஷம் பொது வரப்பைச் செதுக்கியே அவன் இரண்டடி தின்றுவிட்டான் என்பது அவள் வழக்கு.

கோரைக்குள்ளிருந்து இருமல் கேட்டது. தங்கையனும் போகவில்லை.

“அண்ணி போகட்டுங்க, அடுத்த நிமிஷம் நானும் போயிடுறேன்.”

“நீ முதல்ல போ.”

“நான் போனா வரப்பு இந்தப் பக்கம் நடந்து வந்துடும்.”

3

இனி இந்த நிலம் யாருக்குமே வேண்டாம் என்று எடுத்துச் சொன்னேன்.

“நாங்க கூலிக்கு நட்ட வயலு இது. அதையே எங்க வீட்டுக்காரரு கிரயம் வாங்கினாரு. கோரை முளைக்கட்டும். ஆனா யார் பக்கத்துக் கோரைன்னு தெரியணும்,” என்றாள்.

(இங்கே இரண்டு நாள் எழுதவில்லை.)

சர்வேயரை மட்டும் திரும்ப வரவழைத்தேன். டேப் பிடிக்கத் தலையாரி வேண்டும் என்றார். தலையாரிக்கு வி.ஏ.ஓ. உத்தரவு வேண்டுமாம். வி.ஏ.ஓ.வுக்குத் தாசில்தார், தாசில்தாருக்கு ஜீப், ஜீப்புக்கு டிரைவர், டிரைவருக்கு டீக்கடை. சாயங்காலத்துக்குள் உலகம் பழையபடி நிரம்பிவிட்டது.

4

எல்லைக்கல் கோரைக்குள் எங்கேயோ புதைந்திருந்தது. அண்ணியும் கொழுந்தனும் குனிந்து பிடுங்கத் தொடங்கினார்கள். பதினோரு வருஷத்தில் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை. கல் அகப்பட்டது. சர்வேயர் டேப்பை இழுத்துப் பிடித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எண்ணை வாசிக்க வாய் திறந்தார்.

அந்த எண்ணை நான் எழுதப்போவதில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும், தோற்கிறவர் உலகத்தை மறுபடி காலி செய்யச் சொல்லி வந்து நிற்பார். இருவரிடமும் உங்கள் முகவரியைத்தான் கொடுத்திருக்கிறேன்.