பூஜ்யத்தைத் தொடாத கோடு

திரையரங்கை விற்பதா வேண்டாமா என்பதைக் கணக்கே முடிவு செய்யட்டும் என்று அக்காவும் தம்பியும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு காட்சிக்கும் இருக்கைகள் எத்தனை சதவீதம் நிரம்பின என்று அப்பா கடைசி வரை குறித்துவைத்திருந்தார். தம்பி அவற்றைப் புள்ளிகளாக வைத்து, மேலே அளவுகோலால் ஒரு நேர்கோடு இழுத்தான். அது அடுத்த ஆண்டு மைனஸ் நான்கில் போய் இறங்கியது.

“மைனஸ் நாலுன்னா என்னடா? ஆபரேட்டரும் எழுந்து வெளிய போயிடுவாரா?”

“சிரிக்காதக்கா. நீயே போடு. பூஜ்யத்தைத் தொட்டா வித்துடணும். தொடலைன்னா இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.”

புள்ளியியல் துறையில் வேலை பார்த்த அக்கா, கோடு தாண்ட முடியாதபடி பூஜ்யத்திலும் நூறிலும் வேலி போட்டாள். நிரம்பியதைக் காலியால் வகுத்து, அதற்கு மடக்கை (லாகரிதம்) எடுத்துக் கணித்து, மறுபடி சதவீதமாக்கும் முறை அது. பாதியில் கணினி முரண்டு பிடித்தது. ஒரு பழைய ஞாயிற்றுக்கிழமையில் வேலியைத் தாண்டி நூற்றுப் பன்னிரண்டு என்றிருந்தது.

“அப்பா தப்பா எழுதிட்டாரா?”

“மடக்கு நாற்காலிக்கா! நாமதானே தூக்கிட்டு வந்து நடைபாதையில போட்டோம். உன் விரல் நசுங்கி நீ அழுத. படத்துக்குத்தான் அழுறேன்னு நினைச்சு பக்கத்துல இருந்தவரும் அழுதாரு.”

மழையில் நனைந்த சட்டைகளின் வாடை, ஒளிக்கற்றையில் மிதந்த தூசி, வாசலில் உதடசைய தலைகளை எண்ணிய அப்பா. அந்த ஞாயிற்றை வெட்டியெறிய அவளுக்கு மனம் வரவில்லை. மேல் வேலியை நூற்றிருபதுக்கு உயர்த்தினாள்.

கோடு சரிந்தது, ஆறுக்கு வந்தது, பிறகு தரையை ஒட்டித் தவழ்ந்து, தொடாமலே போனது.

“சரி, நீதான் ஜெயிச்ச” என்றான் தம்பி.

“ஒண்ணும் ஜெயிக்கல. வேலி போட்டா எந்தக் கோடும் பூஜ்யத்தைத் தொடாதுடா. இடிச்ச கட்டடத்துக்குப் போட்டாலும் தொடாது. நீ பந்தயம் கட்டினப்பவே எனக்குத் தெரியும்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“எல்லாக் காட்சியையும் இன்னொரு தடவை பார்க்கணும்னு இருந்தது.”

அவன் கணினித் திரையில் இருந்த ஆறையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆறு சதவீதம்னா முப்பது பேர் வருவாங்களாக்கா?”

“வருவாங்க.”

“அவங்ககிட்ட என்ன சொல்றது?”

“கடைசிக் காட்சி எதுன்னு பலகை எழுதி வை. அதுக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு மட்டும் என்னைக் கேக்காத” என்றாள் அக்கா.