இரண்டாம் வகுப்பில் இறங்கிய முனி

கிருஷாந்தி டீச்சருக்கு அன்றைக்குச் சோதனை நாள். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து பொன்னையா சார் பாடம் பார்க்க வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார். அவர் திருப்திப்பட்டுக் கையெழுத்துப் போட்டால்தான் அவளுடைய வேலை நிரந்தரம். பாடமோ தாளம். ஒரே சீராகக் கைதட்ட வேண்டும், அவ்வளவுதான். அதைத்தான் அவளுடைய இரண்டாம் வகுப்பு வானரங்கள் ஒருநாளும் செய்ததில்லை. மெதுவாகத் தொடங்கும், போகப் போகப் பறக்கும். பறக்காமல் என்ன செய்யும்? அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் தொட்டிலிலேயே கேட்டது கோயில் தப்பு மேளச் சத்தத்தை.

"மெதுவா, நடக்கிற மாதிரி தட்டுங்க," என்றாள்.

தட்டினார்கள். சும்மா சொல்லக் கூடாது, கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் தனுஷன் மேசையில் அடித்தான். இன்னொருவன் தண்ணீர்ப் போத்தலைத் தட்டினான். அடி இறுகி, அசல் திருவிழாத் தப்பாகவே ஆகிவிட்டது. அவள் கையைக் காட்டினாள், கண்ணை உருட்டினாள்; யார் பார்த்தது?

கடைசி வாங்கு ஆடியது. பொன்னையா சாரும் பொகவந்தலாவைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவர்தான். பரம்பரையாக முனியாண்டிக்குச் சாமியாடுகிற குடும்பம். டையோடு எழுந்தார், "டேய்ய்!" என்று ஒரு குதி குதித்தார்.

வேறு பிள்ளைகளாயிருந்தால் அலறியிருக்கும். இவர்களுக்கு இதெல்லாம் பழக்கம். வினோதா ஓடிப்போய்க் கரும்பலகைக்கடியில் கிடந்த சோக்குத்தூளை அள்ளி, திருநீறுக்குப் பதிலாக அவர் நெற்றியில் பூசினாள். "சுருட்டு எங்கடா?" என்று முனி கேட்டதும் தனுஷன் ஒரு சோக்கை நீட்டினான். முனியும் அதை வாயில் வைத்துக்கொண்டது.

"சாமி, குறி சொல்லுங்க," வினோதா கும்பிட்டாள். "எங்க டீச்சர் வேல நெரந்தரமாகுமா?"

"ஆக்குறேன்டி! நான் ஆக்கித் தாரேன்!"

கிருஷாந்தி பிள்ளைகளுக்கு முன்னால் ஓடினாள். சாமி மலையேறாவிட்டால் மனுஷன் விழுந்து மண்டையை உடைத்துக்கொள்வார். மலையேற வேண்டுமென்றால் அடி குறைய வேண்டும். "மெதுவா!" என்று கத்திவிட்டுத் தானே தட்டினாள். முதல் தடவையாகப் பிள்ளைகள் அவள் கையைப் பார்த்துத் தட்டினார்கள். ஒரே சீராக, ஒரு கை பிசகாமல். சார் வாங்கில் சரிந்தார்.

தண்ணீர் குடித்து, டையைச் சரிபண்ணிக்கொண்டு, பழையபடி அதிகாரியானார். "தாளம் ஓடிப்போச்சு டீச்சர். எனக்குத் திருப்தியில்ல. அடுத்த வருசம் பாப்போம்."

கிருஷாந்தி பாடக்குறிப்பை மூடி வைத்தாள்.

"சார்," வினோதா எழுந்தாள், "சாமி வாக்குக் குடுத்துருச்சிங்களே?"

"எந்தச் சாமி?"

"முனியாண்டிங்க. ஒங்க மேலதான் எறங்குனிச்சி. டீச்சர நெரந்தரமாக்குறேன்னு சொன்னிச்சி."

வகுப்பே ஆமாம் என்று தலையாட்டியது. சார் நெற்றியைத் தடவி, விரலில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"சத்தியமாவா?"

"சத்தியமா சார்."

அவர் பேனாவைத் திறந்தார். "வலயத்துக்குக்கூட எப்படியாச்சும் பதில் சொல்லிருவேன் டீச்சர்," கையெழுத்துப் போட்டபடியே முனகினார். "முனி குடுத்த வாக்க நான் மீறுனேன்னு தெரிஞ்சா எங்கம்மா சோறு போடாது."