பின்பட்டை

தாஜுதீன் பினாங்கிலிருந்து ஊர் திரும்பியபோது முப்பது வயது. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகு அரண்மனை உத்தியோகஸ்தர் ஒருவர் விற்ற ஃபோர்டு காரை வாங்கி, மேற்கூரையையும் மட்கார்டுகளையும் கழற்றி எறிந்துவிட்டு, திருச்சி ரோட்டில் புழுதி பறக்க ஓட்டித் திரிந்தார். அப்படியும் அவருக்குக் குறை தீரவில்லை. ஐம்பத்தாறாம் வருஷம் புதுக்கோட்டையில் நாகராசுவின் ஷெட்டுக்கு வந்து நின்றார்.

"பின்னாடி தூக்கிக்கிட்டு நிக்கிது நாகராசு. பினாங்குல பாத்தேன், வண்டியெல்லாம் தரையோட பதுங்குன மாதிரி இருக்கும். அப்படி வேணும்."

"ரெண்டு அங்குலம் எறக்கலாம். அதுக்கு மேல எறக்குனா பாலத்துல அடி தட்டும்."

அந்தக் காருக்குப் பின்னால் குறுக்கே ஒரே பட்டைதான். வில்லாக வளைந்த எஃகுத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கும். அந்த வளைவைக் குறைத்தால் வண்டி தாழும். நாகராசு பட்டையைக் கழற்றி, தகடுகளைப் பிரித்துப் போட்டான். மிச்ச வேலையைத் தங்கை செவந்தியின் புருஷன் ராக்கனிடம் விட்டுவிட்டு, பட்டையின் முனைகளில் செருகும் புஷ் வாங்க மறுநாள் திருச்சிக்குப் புறப்பட்டான்.

"மாப்ள, சுத்தியலால தட்டித் தட்டித்தான் நிமுத்தணும். நாலு நாளானாலும் சரி. நெருப்புல காட்டிடாதீங்க, எஃகு பதம் போயி முறிஞ்சிரும்."

"தெரியும் மச்சான், போயிட்டு வாங்க" என்றான் ராக்கன்.

நாகராசு மூன்றாம் நாள் மத்தியானம் திரும்பியபோது பட்டை மாட்டியாகி, மேலே கறுப்புச் சாயமும் பூசியாகியிருந்தது. வண்டி பின்பக்கம் தாழ்ந்து, நாகராசுவே எதிர்பார்க்காத அழகில் நின்றது.

"தட்டித்தான் செஞ்சீங்களா?"

"தட்டித்தான்."

செவந்தி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேதான் நின்றாள். அண்ணன் திரும்பிப் பார்த்ததும் தண்ணீருக்கு நடந்தாள். பட்டையை மறுபடி கழற்றித் தகடுகளைப் பார்த்திருக்கலாம். வண்டி நின்ற நிலையில் மயங்கி, நாகராசு புஷ்ஷை மட்டும் மாற்றிக் கொடுத்து அனுப்பினான்.

ஒன்பதாம் நாள் விராலிமலைக்குப் போகும் வழியில், ஒரு மதகருகே மேல்தகடு இரண்டாக முறிந்தது. பின்பக்கம் ஒருபுறமாகச் சறுக்கி, வண்டி பள்ளத்தில் உருண்டது. தாஜுதீனின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவருடைய அண்ணன் முகம்மது கனி முறிந்த தகட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். சாயம் உதிர்ந்த இடத்தில் நெருப்புப் பட்ட கருநீலம் தெரிந்தது. கனி கோபப்படவில்லை. அதுதான் நாகராசுவுக்குப் பயமாக இருந்தது.

"இதக் காச்சுனது யாரு?"

ராக்கன் முந்திக்கொண்டான். "மச்சான் சொல்லிட்டுப் போனபடிதான் செஞ்சேன் ராவுத்தரே."

"நான் அப்படிச் சொல்லல. காச்சக் கூடாதுன்னுதான் சொன்னேன்" என்றான் நாகராசு.

கனி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் செவந்தியின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தாயி. பக்கத்துலயேதான குடியிருக்க. என்ன நடந்துச்சு?"

அவள் கைக்குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். ராக்கனைப் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை.

"அண்ணன்தான் காச்சச் சொல்லிட்டுப் போச்சு. நாந்தான் கரி அள்ளியாந்து கொடுத்தேன்."

நாகராசு வாய் திறந்தான். தங்கையைப் பொய்க்காரி என்று கனி முன்னால் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. கனி தகட்டை அவன் காலடியில் வைத்துவிட்டு நடந்தார்.

அதன் பிறகு ஷெட்டுக்கு வண்டி வரவில்லை. ஐப்பசியில் நாகராசு பூட்டைப் போட்டுவிட்டு பஸ் கம்பெனியில் டயர் கழற்றும் வேலைக்குச் சேர்ந்தான். ராக்கன் திருவரங்குளம் போகும் ரோட்டில் தனியாகக் கடை போட்டான். கடைக்கு நல்ல கூட்டம்.

மூன்று வருஷம் கழித்துச் செவந்தி வெற்றிலைபாக்குத் தட்டோடு வந்தாள். மகளுக்குக் காதுகுத்து.

"தாய்மாமன் மடியில வச்சுத்தானண்ணே குத்தணும். நீ வரலைன்னா ஊரு என்ன பேசும்?"

நாகராசு கை கழுவிவிட்டு வந்து அவள் எதிரே உட்கார்ந்தான். "வாரேன். ஒரே ஒரு தடவ உண்மையச் சொல்லு. இங்கிட்டு யாரும் இல்ல. நமக்குள்ள மட்டும் சொல்லு, போதும்."

அவள் தட்டின் விளிம்பைத் தடவினாள். "ஒங்கிட்ட சொல்லிட்டுப் போயி, அந்த மனுசனுக்கு எப்படிண்ணே சோறு போட்டு வைப்பேன்? நான் அன்னிக்குச் சொன்னதே நெசம்னு இருந்துக்கிறேன்."

"அப்ப நானே காச்சச் சொன்னதா நெனச்சுக்கிட்டியா?"

"பாதி நாளு அப்படித்தான் நெனைக்கிறேன்" என்றாள். தட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

காதுகுத்தன்று அவன் வேலைக்குப் போனான். ராக்கனின் ஒன்றுவிட்ட தம்பி மடியில் வைத்துக் குத்தினார்கள் என்றும், பிள்ளை அழவே இல்லை என்றும் மறுவாரம் ஒரு கண்டக்டர் சொன்னார். நாகராசு தலையை மட்டும் ஆட்டிவிட்டு, ஜாக்கியை அடுத்த வண்டிக்கு உருட்டிக்கொண்டு போனான்.