ஒண்ணுதான் தெரியுது

என் தங்கைக்கு மாறுகண். நேராகப் பார்த்தாலும் வலது கண் காதுப் பக்கம் போய் நிற்கும். சின்ன வயதில் ‘நாற்சந்தி’ என்று அவளுக்குப் பெயர் வைத்தவள் நான்தான். தையல் கம்பெனியில் சேர்ந்த பிறகு அந்தப் பெயர் எப்படியோ அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் சட்டைக் காலர் தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள அந்த வரிசையில் ஆள் கிடையாது. ஒரு கண் ஊசியில், ஒரு கண் சூப்பர்வைசர் மேல் என்று கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அவளை மதித்தது அந்த மெஷின் ஒன்றுதான்.

அப்பா, அம்மா போன பிறகு ஆறு வருஷமாக என் வீட்டில்தான் இருந்தாள். உள்ளதைச் சொல்கிறேன், எங்காவது போய்த் தொலைந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. வந்த வரன்கள் எல்லாம் கண்ணைப் பார்த்ததும் பிறகு சொல்கிறோம் என்று நழுவின. கடைசியாக வந்த எலக்ட்ரீஷியனின் அம்மா, கண்ணைச் சரி செய்தால் மேற்கொண்டு பேசலாம் என்றாள். தங்கை வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்; இவள் எம்மாத்திரம்?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தசையை நகர்த்தித் தைத்த டாக்டர், தையலின் கடைசி முடிச்சை மட்டும் போடாமல் விட்டிருந்தார். மறுநாள் காலையில் அவளிடமே கேட்டு, இழுத்தோ தளர்த்தியோ அதைப் போடுவாராம். மறுநாள் கட்டைப் பிரித்ததும் நான்தான் முதலில் குனிந்து பார்த்தேன். சிவந்திருந்தாலும் கண் நட்டநடுவில் நின்றது.

சுவரில் இருந்த எழுத்தைக் காட்டி, ஒன்றா இரண்டா என்று கேட்டார் டாக்டர். இரண்டு என்றாள். அவள் மூளை பழைய கோணலுக்கே பழகிவிட்டது, சிலருக்கு இப்படி ஆகும் என்றார். கொஞ்சம் தளர்த்தினால் ஒன்றாகிவிடும், ஆனால் கண் லேசாக வெளியே ஒதுங்கும். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று அடுத்த அறைக்குப் போனார்.

ஐந்து நிமிஷம் எனக்குத் தாராளம். அவள் காதருகே குனிந்தேன்.

“ஒண்ணுன்னு சொல்லு. இல்லன்னா மறுபடியும் கோணலாக்கி வச்சிடுவாங்க. அடுத்த மாசம் அவங்க வர்றாங்க.”

“நெஜமாவே ரெண்டா தெரியுதுக்கா. நான் எப்படித் தைப்பேன்?”

“போகப் போகப் பழகிடும். இல்ல, ரெண்டுன்னுதான் சொல்வேன்னா என் வீட்டுக்கு வராத.”

டாக்டர் வந்தார். ஒண்ணுதான் தெரியுது என்றாள். நிச்சயமா என்று இரண்டு தரம் கேட்டார். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடிச்சு விழுந்தது.

மூன்று வாரம் கழித்து வேலைக்குப் போனாள். அவளுக்கு இரண்டு ஊசி, இரண்டு காலர், இருபது விரல். இல்லாத ஊசிக்கு ஒதுங்கி, இருக்கிற ஊசிக்கு விரலைக் கொடுத்துவிட்டாள். நகத்தைத் துளைத்து அந்தப் பக்கம் வந்துவிட்டது. பிசிறு வெட்டும் மேசையில் உட்கார வைத்தார்கள். நூலோடு துணியையும் வெட்டினாள். இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

டாக்டரிடம் உண்மையைச் சொன்னோம். அவர் என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. இன்னும் சில மாதம் போகட்டும், மறுபடி ஆபரேஷன் செய்தாலும் உறுதி சொல்ல முடியாது, அதுவரை ஒரு கண்ணை மூடி வை என்று கறுப்பு மறைப்பு ஒன்றைக் கொடுத்தார். அவள் மூடியது நேராக்கின கண்ணைத்தான்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று அதைக் கழற்றச் சொன்னேன். கழற்றினாள். கண் நேராக இருப்பதைப் பார்த்து அந்த அம்மா முகம் மலர்ந்தது. தங்கை காபியைக் கொண்டுவந்து, இல்லாத மேசையில் வைத்தாள். அது அந்த அம்மாவின் மடியில் கொட்டியது. பதறிப்போய் மறைப்பைத் தேடி எடுத்துக் கண்ணில் மாட்டினாள்.

“மாறுகண்ணுன்னுதானே சொன்னீங்க. குருடுன்னு சொல்லவே இல்லையே” என்றாள் அந்த அம்மா. எலக்ட்ரீஷியன் செருப்பைத் தேடினான்.

அவர்கள் போன பிறகு தரையில் உட்கார்ந்து கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கினேன். எல்லாம் உன் நல்லதுக்குத்தானே செய்தேன் என்றேன். எனக்கே அது பொய்யாகக் கேட்டது.

அவள் மறைப்பைக் கழற்றிவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக இரண்டு கண்ணாலும் என்னை நேராகப் பார்த்தாள்.

“உன்னையும் ரெண்டாத்தான் பாக்கறேன்கா. ஒருத்தியையே ஆறு வருஷமாத் தாங்க முடியல.”