நீல விளக்கு எரியும் அறை

அம்பிளியின் கண்களில் மணலை அள்ளிப் போட்டதுபோல் இருந்தது. சாயங்காலம் கப்பைக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணைத் திறந்தால் எரிந்தது, மூடினால் உறுத்தியது.

"மொளகாப்பொடி விழுந்திருக்கும்," என்றான் அவள் கணவன் சிஜு.

"இன்னைக்கு ஏலக்காதான பேக் பண்ணினோம். மொளகாய தொடவே இல்லையே."

மட்டாஞ்சேரியில், மசாலாப் பொருள்களைப் பொட்டலம் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. மறுநாள் அங்கே போனால், கூட வேலை செய்யும் ராக்கம்மாளுக்கும் கண் சிவந்திருந்தது. இருவர் முகமும் வேறு வெயிலில் கன்றியதுபோல் இருந்தது. ஆனால் இருவருமே வெயிலில் நிற்கவில்லை. என்னவென்றே புரியவில்லை.

சூப்பர்வைசர் ரமேஷ்பாபு எட்ட நின்றே பார்த்தார். "மெட்ராஸ் ஐதான். யூ.வி. லைட்ட இன்னும் கொஞ்ச நேரம் கூட்டிப் போடலாம். கிருமி செத்துரும்."

பொட்டலம் கட்டும் மேசைகளில் ஒட்டியிருக்கும் கிருமிகளைக் கொல்ல, அந்த அறையில் புற ஊதா விளக்குகள் இருந்தன. அவை எரியும்போது உள்ளே ஆள் இருக்கக் கூடாது. கதவைத் திறந்தால் தானாக அணைந்துவிடும்படி ஒரு சுவிட்சும் உண்டு. கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு குவிந்துவிடவே, கதவு திறந்தாலும் அணையாதபடி ரமேஷ்பாபு முந்தின நாளே அந்தச் சுவிட்சை டேப் போட்டு ஒட்டியிருந்தார். விளக்கு எரியும்போதே பெண்கள் உள்ளே நின்று பெட்டிகளை அடுக்கினார்கள். மங்கலான நீல வெளிச்சம், சூடுகூட இல்லை. அது என்ன செய்துவிடும் என்று ரமேஷ்பாபு நினைத்தார். அன்று அவரும் உள்ளே நின்று வேலை வாங்கினார்.

அடுத்த நாள் காலை, கண் ஆஸ்பத்திரி பெஞ்சில் அம்பிளிக்குப் பக்கத்தில் அவரும் கைக்குட்டையால் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருவரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார்கள்.

"வெல்டிங் பணியா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இல்ல டாக்டர், ஏலக்கா பேக்கிங்," என்றாள் அம்பிளி.

டாக்டரும் குழம்பினார். "வெல்டிங் வெளிச்சம் பட்ட கண்ணு மாதிரி இருக்கே. அங்க வேற எந்தாவது லைட்டு உண்டோ?"

ரமேஷ்பாபு தயங்கித் தயங்கிச் சொன்னார். "யூ.வி. லைட்டு இருக்கு டாக்டர்."

"அதாக்கும் காரியம். அது கண்ணையும் தோலையும் பொள்ளிக்கும், தீ மாதிரி சுட்டுரும். படறப்ப தெரியாது, கொஞ்சம் மணிக்கூர் கழிஞ்சுதான் தெரியும். இது ரெண்டு மூணு நாள்ல ஆறிடும். திரும்பத் திரும்பப் பட்டா கண்ணுக்கு ஆபத்து."

ரமேஷ்பாபு அம்பிளி பக்கம் திரும்பினார். "நான் சாதாரண வெளிச்சம்னு நெனச்சேன் அம்பிளி. நாளைக்கே அந்த டேப்ப எடுத்துடறேன்."

"நாளைக்கு இல்ல சேட்டா. இப்பவே போன் பண்ணுங்க. ராக்கம்மாக்கா உள்ளதான் நிக்குது."

அவர் உடனே கம்பெனிக்குப் போன் போட்டார். "லைட்ட அணைச்சிட்டு எல்லாரையும் வெளிய வரச்சொல்லு," என்றார்.

அம்பிளி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கிருமி சாக அந்த லைட்டு வேணும் சேட்டா, வேண்டாம்னு சொல்லல. ஆனா அதுல என்ன ஆபத்துன்னு வேலை செய்யறவங்ககிட்ட சொல்லணும். சீக்கிரம் முடியணும்னு பாதுகாப்ப கட்டிப்போட்டா, சாமான் சுத்தமா போகும், மனுஷங்க கண்ணுதான் போகும்."